‘சாப்பிட்டேன்’ என்று நீ சொன்ன எட்டு மாதங்கள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை வைப்பதற்கு முன்னால் நீ சொன்னது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. “அன்னைக்குப் பந்தியில வெச்சு என் தொடையில கிள்ளுனியேம்மா, மறந்துட்டியா? நான் மறக்கல” என்றாய். நான் வாய் திறப்பதற்குள் திரையில் உன் முகம் போய்விட்டது. வெளியே வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்த உங்கப்பா, “என்ன சொன்னான்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, சிக்னல் போயிருச்சு” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொய்தான். இன்று புதன்கிழமை. மூன்று நாளாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துவோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோபம் இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

மறக்கவில்லை சாமி. நம் மலையிலேயே தேவனூர் நாட்டு ஊர் ஒன்றில் உன் அத்தை மகள் கல்யாணம். உனக்கு ஏழு வயது. அந்த வருடம் நம் மிளகுக் கொடியெல்லாம் வேர் அழுகி, இலை தொங்கி, பத்தே நாளில் செத்துப்போயிருந்தது. உங்கப்பா குடகுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தின்போம். கல்யாணத்தன்று அதுவும் இல்லை. எப்படியும் பந்தியில் சாப்பிடத்தானே போகிறோம் என்று அடுப்பைப் பற்றவைக்காமலே உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பந்தியில் நீ மூன்றாவது முறையாகச் சோறு கேட்டாய். அத்தை சிரித்துக்கொண்டே, “ஏன் கண்ணு, உங்கம்மா ஊட்டுல சோறே போடறதில்லையா?” என்றார். நீ நிமிர்ந்து பார்த்து, “இன்னைக்கு எங்க ஊட்டுல அடுப்பே பத்த வெக்கலீங்க அத்தை” என்றாய். விளையாட்டாகக் கேட்டவர் முகம் சுண்டிப்போயிற்று. எதிர்வரிசையில் இருந்த நாலைந்து பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் இலைக்கு அடியில் கையை விட்டு உன் தொடையைக் கிள்ளினேன். நீ அழவில்லை. வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திரும்பி வரும் வழியில், “ஊட்டு விசயத்த வெளிய சொல்லக் கூடாது. பசிச்சாலும் சாப்பிட்டேன்னுதான் சொல்லோணும்” என்றேன். நீ தலையாட்டினாய். மறுநாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன், அந்த இடம் கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. எண்ணெய் தடவினேனே தவிர, நான் சொன்னது தப்பு என்று உன்னிடம் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அந்த வாடல் நோயைப் பற்றித்தான் நீ படிக்கப் போனாய். கோயம்புத்தூரில் படிப்பை முடித்து, மண்ணுக்குள் இருந்து மிளகு வேரைத் தின்னும் அந்தப் பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவில் இடம் கிடைத்தபோது, நம் ஊரில் யாருக்கும் அந்தப் படிப்பு புரியவில்லை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. படிப்பதற்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை, அவர்களே உனக்கு மாதாமாதம் கொடுக்கிறார்கள். நீ அதற்கு உதவித்தொகை என்று பெயர் சொன்னாய். ஊரில் அது சம்பளம் ஆயிற்று. நான்தான் ஆக்கினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ரேஷன் கடையிலும், ஹாஸ்டல் சமையற்கட்டிலும் “எம் பையனுக்குப் படிக்கறதுக்கே சம்பளம் குடுக்கறாங்க” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். அது ஒரு ஆள் ஒரு அறையில் இருந்து மட்டாகச் சாப்பிட மட்டும் போதுமான தொகை என்பதும், நீ இருப்பது கடலோரத்துப் பணக்கார ஊர், அங்கே ஒரு அறை வாடகைக்கே அதில் முக்கால் பங்கு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை என்று உன்மேல் பழி போட மாட்டேன். நான் கேட்கவே இல்லை.

போன பிப்ரவரி மாதம் உங்கப்பா ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தார்சு போட வேண்டும், மேலே ஒரு ரூமும் கட்ட வேண்டும் என்றார். “நீயே கேளு, நீ கேட்டா தட்டமாட்டான்” என்றார். மறுநாள் காலையில் கேட்டேன். “மாசாமாசம் உன்னால முடிஞ்சத அனுப்பு சாமி” என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரிம்மா, அனுப்பறேன்” என்றாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ என்ன கணக்குப் போட்டிருப்பாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று, பையன் சந்தோஷத்தில் பேச்சு வராமல் நிற்கிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடமாக நான் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமைக்கிறேன். நூற்றெண்பது பிள்ளைகள் வரிசையில் தட்டோடு வருவார்கள். லீவு முடிந்து வரும் பிள்ளைகளில் எது வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று தட்டை நீட்டுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். பசித்த பிள்ளை தட்டைப் பார்க்காது, கரண்டியைப் பார்க்கும். வார்டன்கூட என் கண்ணைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அந்தக் கண்ணால்தான் எட்டு மாதம் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு உன்னைப் பார்த்தேன். உன் கன்னம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பாதியிலிருந்து உன் பின்னால் எப்போதும் ஒரே வெள்ளைச் சுவர் இருந்ததையும், ஜன்னலோ கட்டிலோ அடுப்போ ஒருநாளும் தெரியாததையும் பார்த்தேன். “சாப்பிட்டியா?” என்பேன். “சாப்பிட்டேன்மா” என்பாய். “என்ன சாப்பிட்டே?” என்றால் ஒருநாள் ரசம், ஒருநாள் முட்டை, ஒருநாள் தக்காளிச் சோறு என்று நிற்காமல் சொல்வாய். இத்தனை விதமாகச் சமைக்கிறானே என்று உங்கப்பாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

புரட்டாசியில் ஒருநாள் நீயே கேட்டாய், “பல்லு வலிச்சா நீ என்னம்மா பண்ணுவே?” என்று. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, “கிராம்பு வெச்சுக் கடிச்சுக்கோ, உப்புத் தண்ணியில கொப்புளி” என்றேன். “சரிம்மா” என்றாய். யாருக்குப் பல்வலி என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து நாள் நீ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே பேசினாய். அப்புறம் ஒரு புதன்கிழமை நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது. வியாழக்கிழமை மணியே அடிக்கவில்லை. அனுப்பின செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. உங்கப்பாவிடம் சொன்னேன். “வேலையா இருப்பான். பெரிய பையன், உனக்குத் தினமும் கணக்குச் சொல்லிட்டிருப்பானா?” என்றார். அன்று ஹாஸ்டலில் சாம்பாரை அடிப்பிடிக்க விட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் மலையிலிருந்து கீழே இறங்கினேன். எனக்கு நம் மிளகு வாங்கும் பாய் நினைவு வந்தது. நீ கிளம்பும்போது அவர், “எம் பொண்ணு நஸ்ரினும் அங்கதான் தம்பி இருக்கு, நம்பர் எழுதிக்கோ, அவசரம்னா கூப்புடு” என்று சொல்லியிருந்தார். நான்தான் உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அவுங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்றேன். எழுபது வளைவும் இறங்குவதற்குள் போனை நூறு தடவை எடுத்துப் பார்த்தேன். வழியில் பாதி இடத்தில் சிக்னலே இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

கடையைத் திறந்துகொண்டிருந்த பாய் என் முகத்தைப் பார்த்ததும், “என்னம்மா தங்கச்சி, மிளகுச் சீசன் இல்லையே, என்ன ஆச்சு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மகளைப் போனில் கூப்பிட்டார். நமக்குக் காலை ஒன்பது, அவர்களுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. நஸ்ரின் இருப்பது உன் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தூரம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அது வேறு ஏதோ மூலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. “அட்ரஸ் சொல்லுங்கம்மா” என்றது. உன் அறை முகவரியைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். “யூனிவர்சிட்டி போலீஸுக்குப் போன் பண்ணி வீட்டுல போய்ப் பாக்கச் சொல்றேன்” என்றது.

முக்கால் மணி நேரம் கழித்து நஸ்ரின் கூப்பிட்டது. பாய் ஸ்பீக்கரில் போட்டார். “அத்தா, அந்த வீட்டுல அப்படி யாருமே இல்லையாம். ஜூன் மாசமே காலி பண்ணிட்டாராம். எங்க போனாருன்னு அங்க யாருக்கும் தெரியல” என்றது. பாய் என்னைப் பார்த்தார். “ஜூன்லயா?” என்றார். ஜூலையில், ஆகஸ்டில், செப்டம்பரில் நான் தினமும் பார்த்துப் பேசிய பிள்ளை எந்த வீட்டில் இருந்து பேசினான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வீட்டிலிருந்து பாயின் மனைவி டீ கொண்டுவந்து என் கையில் வைத்தார். டம்ளரைப் பிடித்திருந்தேன், குடித்தேனா என்று நினைவில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளைச் சுவர் எனக்கு மனதில் வந்தது. அது வீட்டுச் சுவர் இல்லை, நீ படிக்கிற இடத்துச் சுவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நீ போன புதிதில் உன் துறைக் கட்டடத்துப் பெயர்ப்பலகை முன்னால் நின்று எடுத்த படம் என் போனில் இருந்தது. அதைத் தேடி எடுத்து நீட்டினேன். பாய்தான் வாங்கி மகளுக்கு அனுப்பினார். “நான் கெளம்பறேன் அத்தா, நானே போய்ப் பாக்கறேன்” என்றது அந்தப் பெண். தன் கைக்குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத உன்னைத் தேடிக்கொண்டு அது மூன்று மணி நேரம் தனியாகக் கார் ஓட்டியது. இதை நீ ஒருநாளும் மறக்கக் கூடாது.

நான் கடையை விட்டு நகரவில்லை. பகல் பன்னிரண்டரைக்குப் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து தன் போனை என் மடியில் வைத்தார். “எம் பொண்ணு கூப்பிட்டா நீயே எடுத்துப் பேசு தங்கச்சி. பச்சை பட்டனைத் தள்ளு. நான் பையனுக்காகக் கேட்டுட்டு வாரேன்” என்றார். ஒரு மணிக்கு மேல் போன் அடித்தது. பச்சையைத் தள்ளினேன். மூச்சு வாங்கிக்கொண்டு நஸ்ரின் பேசியது. “அம்மா, இருக்காரு. உயிரோட இருக்காரு. காவலாளியைக் கூப்பிட்டுக் கதவைத் தொறந்து பாத்தோம். ஆபீஸ் ரூம்லயே சோபாவுல படுத்திருக்காரு. நல்ல காய்ச்சல். கன்னம், கழுத்து எல்லாம் வீங்கிக் கெடக்கு, வாயைத் தொறக்க முடியல. ஆனா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாரும்மா. ஆம்புலன்ஸும் வேண்டாம், எதுவும் வேண்டாம், பில்லு வரும்ங்கிறாரு. நீங்க சொல்லுங்க” என்று போனை உன் பக்கம் திருப்பியது.

அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டே, “காலைல சரியாயிரும்மா” என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. “எந்திரி. அந்தப் பொண்ணுகூடப் போ. நீ போற வரைக்கும் நான் இந்தக் கடையை உட்டு எந்திரிக்க மாட்டேன், மலைக்கு ஏற மாட்டேன். உங்கப்பனுக்கு நீ வேணும், ஊடு வேண்டாம். எந்திரி சாமி” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது திரையில் கோணலாகத் தெரிந்தது. அப்புறம் தரை தெரிந்தது, படிக்கட்டு தெரிந்தது, போன் அணைந்துவிட்டது. தொழுகை முடிந்து பாய் ஓடி வந்தபோது “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டானுங்க” என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் செய்தி வந்தது. சீழைக் கீறி எடுத்துவிட்டார்கள், பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் வீக்கம் மூச்சுக்குழலை அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நஸ்ரின் சொல்லியும், பாதி உன் வாயிலிருந்து பிடுங்கியும் தெரிந்துகொண்டது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காக நீ அறையைக் காலி செய்தாய். துணிமணியை ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியில் வைத்தாய். உடற்பயிற்சிக் கூடத்தில் குளித்தாய். ராத்திரிச் சோதனை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீஸ் சோபாவில் தூங்கினாய். எங்கெங்கே கூட்டம் நடக்கிறது, எந்தக் கூட்டத்தில் சாப்பாடு மிஞ்சும் என்று பார்த்துப் போய், ஆறிப்போன ரொட்டியை எடுத்து வந்து இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டாய். இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன். நஸ்ரின் சொன்ன இன்னொன்றைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் யூனிவர்சிட்டியிலேயே கஷ்டப்படுகிற மாணவர்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி சும்மா கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறதாமே. கதவு வரைக்கும் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தாயாமே. நீ பாடம் எடுக்கும் பிள்ளைகள் அந்த வரிசையில் நின்றார்கள், அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று திரும்பினாயாமே. உன்னை அந்தக் கதவிலிருந்து திருப்பி அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும் கண்ணு. நீ ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

உங்கப்பாவைப் பற்றியும் சொல்கிறேன், அவர் உனக்குச் சொல்ல மாட்டார். அன்று சாயங்காலம் மலை ஏறி வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.  மறுநாள் காலையில் மேஸ்திரி சிமெண்டு மூட்டையோடு வந்தார். “போதும் மேஸ்திரி, நிறுத்திக்கலாம்” என்றார் உங்கப்பா. “மேல சுவரு பாதியில நிக்குதுங்களே?” “நிக்கட்டும்.” அவ்வளவுதான். மேஸ்திரி போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர் மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. தேடிப் போனால், மிளகுக் கொடிக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தார். “அவன வந்துரச் சொல்லு. இங்க மரவள்ளி இருக்குது, சாமை இருக்குது, பலா இருக்குது. நம்ம மண்ணுல எவன் பட்டினி கெடக்கறான்? ஊரு மெச்சப் படிச்சது போதும்” என்றார். “வாரதும் இருக்கறதும் அவன் பாடு. அதை நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது” என்றேன். “நீ சொல்லித்தானே பணம் அனுப்புனான்?” என்றார். “நீங்க சொல்லித்தானே நான் கேட்டேன்?” என்றேன். அதற்கப்புறம் நாலு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. இப்போதும் நீ போனில் வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். கோபம் என்று நினைக்காதே. அவருக்கு உன் முகத்தைத் திரையில் பார்க்கத் தைரியம் இல்லை.

போன வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். “எம் பையனுக்குச் சம்பளம்னு நான் பீத்திட்டுத் திரிஞ்சது பொய்யுங்க. அது அவன் ஒருத்தன் வயித்துக்கே பத்தாத காசு. அவன் எட்டு மாசம் அரை வயித்தோட கெடந்து எங்களுக்கு ஊடு கட்ட அனுப்பிச்சான்” என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் மகனுக்கு உன்னிடம் லேப்டாப் கேட்கச் சொல்லியிருந்த மேலவீட்டுச் சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டார். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன், யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சின்னம்மாவே, “எம் பையனும் திருப்பூர்ல இருந்து தினமும் சாப்பிட்டேன்னுதான் சொல்றான்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். “ரூமுல அடுப்பு இருக்குதாடா? அதக் காட்டு” என்று அவர் கேட்டதை நாங்கள் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்போது உனக்கு அறை கிடைத்துவிட்டது என்கிறாய், உன் பேராசிரியர் அம்மா உதவி வாங்கிக் கொடுத்தார், ஆஸ்பத்திரி பில்லையும் பெரும்பகுதி இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது என்கிறாய். சந்தோஷம். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து, “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று அழுதாராம். அவர் அழுதது நியாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? “அடுத்த மாசத்துல இருந்து மறுபடி அனுப்பறேன், அப்பா மாடி வேலையை முடிக்கட்டும்” என்றாய். அதைக் கேட்டுத்தான் நான் கத்தினேன். பதிலுக்கு நீ நான் கிள்ளியதைச் சொன்னாய். நீ சொன்னது சரிதான். ஏழு வயதுப் பிள்ளை உண்மையைச் சொன்னதற்கு நான் தண்டித்தேன். பந்தியில் நாலு பேர் பார்த்ததற்காக, பசியை மறைக்கக் கற்றுக்கொடுத்தேன். நீ நல்ல பிள்ளை, கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தாய். அது என் தப்பு. அத்தை கேட்டபோது உன்னைக் கிள்ளாமல், “ஆமாங்க அண்ணி, இன்னைக்கு அடுப்பு எரியல” என்று நானே சொல்லியிருக்க வேண்டும். அவர் இன்னொரு கரண்டி போட்டிருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இனி ஒரு பைசா அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அது எப்படி என்று பாயிடம் கேட்டு வைத்துவிட்டேன். கீழ்வீடு ஒழுகவில்லை, எங்களுக்கு அது போதும். சும்மா கொடுக்கும் அந்த இடத்துக்குப் போய் வரிசையில் நில். உன் மாணவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் உன்னைப் பார்த்துத் தைரியமாக நிற்பார்களோ, உனக்குத் தெரியாது. என் ஹாஸ்டலில் வாங்கித் தின்னும் நூற்றெண்பது பிள்ளைகளில் ஒருத்தரையாவது நான் மட்டமாக நினைத்திருக்கிறேனா? என் மகன் வரிசையில் நிற்பதை மட்டும் எப்படி நினைப்பேன்? உடம்புக்கு ஒன்று என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நஸ்ரினுக்கு வாரம் ஒருமுறையாவது போன் பண்ணு. படிக்க முடியவில்லை, வந்துவிடுகிறேன் என்று உனக்குத் தோன்றினால் வா. ஊர் பேசினால் நான் பதில் சொல்கிறேன். இருந்து முடிக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. எது என்றாலும் உண்மையாக எனக்குச் சொல்லிவிட்டுச் செய்.

வியாழக்கிழமை காலை. நேற்று இதோடு நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். இன்று ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பும்போது உன் செய்தி வந்தது. இந்தக் கடிதத்தை நீ இன்னும் படிக்கவில்லை, ஆனாலும் நீயாகவே எழுதியிருந்தாய். “அம்மா, இன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. அரிசி தீந்துபோச்சு. நேத்தே வாங்கியிருக்கணும், போகல. பசிக்குது. இப்போ கடைக்குப் போறேன்.” வாசற்படியில் நின்றுகொண்டு அதை நாலு தடவை படித்தேன். பெற்ற பிள்ளை பசிக்கிறது என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தாய்க்கு ஆறுதலாக இருக்குமா? எனக்கு இருந்தது. அழுகையும் வந்தது. “போ. வாங்கிட்டுச் சொல்லு” என்று மட்டும் எழுதினேன். உங்கப்பா எட்டிப் பார்த்து, “யாரு, அவனா? என்னவாம்?” என்றார். இந்தத் தடவை மறைக்கவில்லை. “பசிக்குதாமுங்க” என்றேன். அவர் வெளியே போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, என்னோடு சேர்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு வந்துவிட்டேன் என்றாய். அரிசியும் முட்டையும் வாங்கிவிட்டேன் என்றாய். அரிசி கழுவிப் போட்டுவிட்டேன் என்றாய். நீ தட்டில் சோற்றைப் போட்டுப் படம் அனுப்பியபோது இங்கே ஏழு மணி. அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டினேன். ஹாஸ்டலில் உதவிக்கு இருக்கும் அக்கா தனியாக உப்புமா கிளறித் திண்டாடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வார்டன் கடிகாரத்தைப் பார்த்தபடி, “நீங்க லேட்டா வரமாட்டீங்களே, இன்னைக்கு என்னாச்சு?” என்றார்.

“எம் பையன் சாப்பிடாம இருந்தானுங்க சார். அவன் சாப்பிடற வரைக்கும் பாத்துட்டு வாரேன்” என்றேன்.

அம்மா